பாலாடையில் ஊற்றிய சிரப்: மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர்ப் பக்கம் மருந்துக்கடை நடத்தும் அண்ணன்மார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம்.

பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். போன மார்கழியில் மகள் பிள்ளையோடு வந்திருந்தாள். பேரனுக்கு ஒன்றே முக்கால் வயது. வந்த இரண்டாம் நாளே மூக்கொழுகல், ராத்திரியெல்லாம் இருமல். வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்பினேன். "சின்னப் புள்ளைக்கு இருமல்" என்று சொன்னாராம், உடனே ஒரு பாட்டில் கைக்கு வந்துவிட்டது. வயசு என்ன, எடை என்ன, வேறு மருந்து ஓடுகிறதா, ஒரு கேள்வி கிடையாது. பாட்டிலோடு அளவு மூடியும் இல்லை.

அதற்குமேல் நான் செய்ததுதான் பெரிய தப்பு. மகளுக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடை பெட்டியில் இருந்தது. அதில் பாதி ஊற்றிப் புகட்டிவிட்டேன். பிள்ளை அசந்து தூங்கினான். இருமலும் அடங்கியது. 'நல்ல மருந்து' என்று நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கும் எழவில்லை. தூக்கி நிறுத்தினால் தலை தொங்கியது. அள்ளிக்கொண்டு ஓடினோம். டாக்டர் முதலில் கேட்டது பாட்டிலைத்தான். குளோர்பெனிரமின் (ஒவ்வாமை மருந்து), ஃபீனைல்எஃப்ரின் (மூக்கடைப்பு மருந்து) என்று லேபிளைப் படித்தவர், சாயங்காலம்வரை மூச்சைப் பார்த்துக்கொண்டு அங்கேயே வைத்திருந்தார். பிள்ளை தேறிவிட்டான். வீட்டுக்கு வந்து பாலாடையில் தண்ணீர் ஊற்றி சிரிஞ்சால் அளந்தேன். முழுசாக 14 மில்லி. பாதி ஊற்றினால் 7. ஒரு டீஸ்பூன் என்பதே 5 மில்லிதான்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. குளோர்பெனிரமின் மாதிரி பழைய ஆன்டிஹிஸ்டமின்கள், அதாவது ஒவ்வாமை மருந்துகள், ஒவ்வாமைக்கு உதவும். சாதாரண சளி வைரஸால் வருவது, அதில் வரும் இருமலை இவை குறைப்பதற்குப் பிள்ளைகளிடம் நல்ல ஆதாரம் இல்லை. மூளைவரை போய்த் தூங்க வைக்கும், வாயும் தொண்டையும் காயும், சில பிள்ளைகளைத் தூங்கவிடாமல் ஆட்டியும் வைக்கும். தூக்கத்தைக் குணம் என்று நாங்கள் நம்பிவிடுகிறோம். நிமோனியாவாக இருந்தால் அந்தத் தூக்கத்திலேயே நேரம் போய்விடும். 1 முதல் 5 வயதுப் பிள்ளை அமைதியாக இருக்கும்போது நிமிஷத்துக்கு 40 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டாலோ, விலா உள்வாங்கினாலோ சிரப் கேட்டு வருகிறவரைக் கடையில் நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

குளோர்பெனிரமினும் ஃபீனைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2023 டிசம்பரில் சொன்னார். 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையின் அறிவுரை இன்னும் தெளிவு: 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தே எழுத வேண்டாம், 5 வயதுக்குக் கீழும் பொதுவாகத் தேவையில்லை. அந்த அறிவுரை வந்த சமயத்தில்தான் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் குடித்த, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷ ரசாயனம் 48.6 சதவீதம் இருந்ததை நம் மாநில ஆய்வகமே கண்டது. அது விஷக் கலப்பு, என் பேரன் விஷயம் வேறு. ஆனாலும் இரண்டு வீட்டிலும் இருந்தது சாதாரணச் சளிக்கு என்று கொடுத்த ஒரு பாட்டில்தான்.

கல்யாண வீட்டு நெரிசலில் பிள்ளை அழாமல் இருக்கட்டும், மெட்ராஸ் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வரட்டும் என்று இதே சிரப் கேட்கிற ஆச்சிமார் எங்களுக்குள்ளேயே உண்டு. அவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும்.

வயசு கேளுங்கள். டாக்டர் எழுதியதா என்று கேளுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பாட்டில் இருந்தால் அதன் பெயரையும் கேளுங்கள், ஏனென்றால் பெயர் மாறினாலும் உள்ளே அதே மருந்து இருக்கும், தெரியாமல் இரட்டை அளவு போய்விடும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு ராத்திரி அரை ஸ்பூன் தேன் போதும் என்று சொன்னால் உங்களுக்கு வியாபாரம் இல்லை, தெரியும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி கேட்டால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்கிற பயமும் புரிகிறது. அதனால்தான் ஒரு கடைக்கு எழுதாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன். அடுத்த கடையிலும் அதே கேள்வி கேட்டால் அவர் எங்கே போவார்?

டாக்டர் எழுதிய சிரப் என்றால் ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்றையும் பாட்டிலோடு கொடுங்கள். எத்தனை மில்லி என்று டாக்டர் எழுதியிருக்கிறாரோ அந்தக் கோட்டில் பேனாவால் ஒரு கீறல் போட்டுத் தாருங்கள். சிரிஞ்சுக்குத் தனியாகக் காசு வாங்கிக்கொள்ளுங்கள், கொடுக்கிறோம்.

இப்படிக்கு,
பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆயா