புரூட் பீடர் வாங்க லோன் எடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மலையக இளைஞர்களின் சுயதொழில் பற்றி உங்கள் பத்திரிகையில் தொடர்ந்து எழுதி வருகிறீர்கள், சந்தோஷம். அதில் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் ஐஸ்கிரீம் செய்து விற்கலாம் என்று யோசிக்கிற பிள்ளைகள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். பால் இங்கேயே கறக்கிறோம், ஸ்ட்ரோபெரி இங்கேயே விளைகிறது, ஏப்ரல் சீசனுக்கு ஊர் உலகமே நுவரெலியாவில் வந்து நிற்கிறது, அப்புறம் என்ன என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் இந்த யோசனையோடு போய் நின்றால் மெஷின் விற்கிறவர்கள் சில இடங்களில் முதலில் காட்டுவது புரூட் பீடரை, அதாவது ஐஸ்கிரீமுக்குள் பழத்துண்டு, கஜு போடுகிற மெஷினை. என் அக்கா மகன் அதை லோன் போட்டு வாங்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் எனக்குச் சொன்னான். கொழும்புப் பக்கம் ஒரு ஐஸ்கிரீம் பக்டரியில் அந்த மெஷின் பக்கத்தில் 17 வருஷம் நின்றவன் நான். அடுத்தவன் வீட்டுப் பிள்ளையும் இதே குழியில் விழக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

மெஷின் செய்கிற வேலை இதுதான். மேலே ஒரு ஹொப்பர். பழத்துண்டு, கஜு, சொக்லட் துண்டு, எதுவானாலும் அதில் கொட்டுவோம். உள்ளே மெதுவாகக் கிளறிக்கொண்டே இருக்கும் ஒரு கை, அடியில் திருகு மாதிரி ஒரு தண்டு. அந்தத் தண்டு துண்டுகளை ஒரே அளவில் தள்ளிக்கொண்டு போய்ச் சுழலும் ஓர் உருளையில் விடும். உருளையில் தகடுகள் இருக்கும், இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு குழி, அந்தக் குழியில் விழுந்த கஜு சுற்றி வந்து, குழாயில் பாதி உறைந்து ஓடிக்கொண்டிருக்கும் ஐஸ்கிரீமுக்குள் போய்ச் சேரும். அதற்கு அடுத்து ஒரு கலக்கி, அவ்வளவுதான். ப்ரீசருக்கு முன்னாலேயே கஜுவைப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். ப்ரீசருக்குள் ஐஸைச் சுரண்டும் பிளேட் இருக்கிறது, கஜுவும் தூளாகும், பிளேட்டும் கெடும். அதனால்தான் ஐஸ்கிரீம் மைனஸ் 5, 6 பாகையில் வெளியே வந்த பிறகு போடுகிறோம். ஒழுங்காக ஓடினால் அருமையான மெஷின். காலையில் நிரப்பிய கப்பிலும் மாலையில் நிரப்பிய கப்பிலும் ஒரே அளவு கஜு இருக்கும், கை படாது, சாமான் வீண் போகாது.

ஆனால் அது தனியாக நிற்கிற மெஷின் இல்லை. ஐஸ்கிரீம் நிற்காமல், ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் வந்துகொண்டே இருந்தால்தான் அதற்கு வேலை. அதற்குக் கன்டினியுவஸ் ப்ரீசர் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 600 லீற்றர் விடுகிற ஒரு ப்ரீசர். கலவையின் அளவுக்குச் சரிசமமாகக் காற்று ஏறிய ஐஸ்கிரீம் லீற்றருக்கு ஏறக்குறைய 550 கிராம் நிறுக்கும், ஆக மணிக்கு 330 கிலோ. அதில் பத்து வீதம் பழம் என்றால் 33 கிலோ, நிமிஷத்துக்கு அரைக் கிலோவுக்கும் மேலே. ஒரு நாளைக்கு இருபது, முப்பது லீற்றர் செய்கிற பிள்ளைக்கு அந்த ஓட்டம் மூன்று நிமிஷத்து வேலை! மீதி நாள் முழுக்க மெஷின் சும்மா நிற்கும், வட்டி மட்டும் ஓடும்.

மருமகனிடம் இருந்தது ஒரு சின்ன பெட்ச் ப்ரீசர். ஒரு தடவைக்கு ஐந்து லீற்றர் கலவை ஊற்றி, உறைந்ததும் வாயைத் திறந்து இறக்குகிற வகை. விற்றவர்கள் அதன் வாயிலேயே ஒரு குழாயைப் பூட்டி, பீடரை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெட்ச் ப்ரீசரில் வாயைத் திறந்ததும் ஐஸ்கிரீம் வேகமாக வரும், போகப் போகக் குறையும், கடைசியில் சொட்டுச் சொட்டாக இறங்கும், ஆனால் பீடர் அதைப் பார்க்காது, அது தன் வேகத்திலேயே கச்சானைத் தள்ளிக்கொண்டிருக்கும். "மாமா, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டான். போய் டப்பாக்களை வரிசையாக வைத்துக் கத்தியால் நடுவில் வெட்டிப் பார்த்தோம். முதல் டப்பாவில் வெள்ளையாக ஐஸ்கிரீம், மூன்று கச்சான். ஐந்தாவதில் கத்தி இறங்கவே இல்லை, முழுக்கக் கச்சான். அன்றைக்கு அவன் முகத்தை எனக்குப் பார்க்க முடியவில்லை.

அவனுடைய அளவுக்குக் கையால் போடுவதே சரி. குளிரவைத்த கச்சானை நிறுத்து வைத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் இறங்க இறங்க டப்பாவில் ஒரு அடுக்கு ஐஸ்கிரீம், ஒரு கரண்டி கச்சான் என்று போட்டு ஒரு தடவை மடித்துக் கிளறினால் போதும்.

சரி, கன்டினியுவஸ் ப்ரீசர் இருக்கிறவருக்காவது எல்லாவற்றையும் இந்த பீடர் செய்து கொடுக்குமா என்றால் அதுவும் இல்லை. முதலில் நம்முடைய ஸ்ட்ரோபெரி. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வெட்டி அப்படியே போட்டால் மைனஸ் 18இல் கல்லாகிவிடும், கடிக்கிறவர் பல் கூசும். நாலு பங்கு பழத்துக்கு ஒரு பங்கு சீனி போட்டு ராத்திரி முழுக்கக் குளிரில் வைத்து, சாறை வடித்துவிட்டுத்தான் ஹொப்பரில் போட வேண்டும். வடிப்பதில் கொஞ்சம் அவசரப்பட்டாலும் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஹொப்பருக்குள் வளைவு கட்டிக்கொள்ளும், மேலே பார்த்தால் பழம் நிறைய இருக்கும், அடியில் வெறும் இடம், மெஷின் ஓடும், கப்பில் பழம் இருக்காது. எங்கள் பக்டரியில் ஒரு பையன் மெஷினை நிறுத்தாமல் மரக்கரண்டியை விட்டுக் குத்தினான். நுனி உடைந்து உள்ளே போய்விட்டது. அவன் விரல் தப்பியது பெரிய விஷயம். அன்றைக்கு இரண்டு மணி நேரத்து ஐஸ்கிரீம் முழுவதையும் கொட்டினோம்.

கித்துள் பாணியை இதில் விட முடியாது, தண்ணியாக இருக்கிற எதையும் விட முடியாது. பாணி கோடு கோடாக ஓட வேண்டுமென்றால் அதற்கு வேறு பம்ப். கருப்பட்டித் துண்டு நம்ம ஊர் ஈரத்தில் ஒரு மணி நேரத்திலேயே கசிய ஆரம்பித்து உருளையில் பிசின் மாதிரி பிடித்துவிடும். கேக் துண்டு நசுங்கும். கஜு, கச்சான் இரண்டுக்கும் இது நல்ல மெஷின், ஆனால் வறுத்து, ஆறவைத்து, சல்லடையில் தூளைச் சலித்துவிட்டுப் போட வேண்டும். தகடு தேய்ந்தால் குழாயில் இருக்கும் அழுத்தம் ஐஸ்கிரீமை மேலே ஹொப்பருக்கே தள்ளும், அது உருகிக் கச்சானோடு சேர்ந்து சீமெந்து மாதிரி இறுகிவிடும், அதைச் சுரண்டி எடுத்த ராத்திரிகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சுத்தம் பற்றி விற்கிறவர்கள் வாயே திறப்பதில்லை, எனக்கு அதில்தான் அதிகக் கோபம். பால் கலவையை 69 பாகையில் அரை மணி நேரமோ, 80 பாகையில் 25 செக்கனோ சூடாக்கிக் கிருமியைக் கொன்றுவிடுகிறோம். ஆனால் ஹொப்பர் வழியாகப் போகிற சாமானுக்கு அதற்குப் பிறகு சூடே கிடையாது. பழத்தில் என்ன ஒட்டியிருக்கிறதோ அது அப்படியே குழந்தை வாய்க்குப் போகும். அதனால் பழத்தையும் கச்சானையும் முன்கூட்டியே சூடுகாட்ட வேண்டும், மெஷினைத் தினமும் தகடு தகடாகக் கழற்றிக் கழுவ வேண்டும். குழாயில் வெந்நீர் ஓடவிட்டால் போதும் என்று சொன்னால் நம்பாதீர்கள். கச்சான் ஓட்டிவிட்டு அரைகுறையாகக் கழுவி ஸ்ட்ரோபெரி ஓட்டினால், கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அது உயிர் போகிற விஷயம்.

கரண்ட் விஷயமும் இருக்கிறது. ஓரளவு பெரிய கன்டினியுவஸ் ப்ரீசருக்குத் த்ரீ பேஸ் வேண்டும், லயத்துக்கு வந்திருக்கிற லைனில் அது ஓடாது. 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அதை மனதில் வைத்து ஜெனரேட்டர் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்புறம், கொழும்புக்கு அனுப்பலாம் என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். இங்கே நிரப்பிய டப்பா கீழே இறங்க இறங்க உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஐஸ்கிரீம் ஓரத்தை விட்டு உள்வாங்கலாம். வாங்குகிறவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, குறைத்துப் போட்டிருக்கிறான் என்பார்.

லோன் கொடுக்கிறவர்களிடமும் பயிற்சி நடத்துகிறவர்களிடமும் நான் கேட்பது இதுதான். ஆளுக்கு ஒரு பீடருக்குப் பணம் கொடுக்காதீர்கள். பால் சேகரிக்கும் நிலையம் ஊருக்கு ஒன்று இருக்கிற மாதிரி, ஹட்டனில் ஒன்று, வெலிமடையில் ஒன்று என்று பொதுவான ஒரு கூடம் போட்டு, ஒரு கன்டினியுவஸ் ப்ரீசர், ஒரு பீடர், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரு ஆள் வைத்தால், பத்துப் பதினைந்து பேர் முறை வைத்து வந்து ஓட்டிக்கொண்டு போகலாம். பிள்ளைகள் பழத்தைப் பதப்படுத்தக் கற்றுக்கொள்ளட்டும், அதற்கு ஒரு நல்ல அடுப்பும் குளிர்பெட்டியும் போதும். வாங்கியே ஆக வேண்டும் என்று நிற்கிறவர்கள், பணம் கட்டும் முன் உங்கள் பழத்தையே கொண்டுபோய், உங்கள் கண் முன்னால் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். உதிரித் தகடு இலங்கையில் கிடைக்குமா, எத்தனை நாளில் வரும் என்று எழுதி வாங்குங்கள்.

மருமகனுடைய மெஷின் இப்போது அக்கா வீட்டுத் திண்ணையில் தார்ப்பாயால் மூடிக் கிடக்கிறது. தவணை இன்னும் 14 மாதம் இருக்கிறது. நானே கழற்றிப் பார்த்தேன், தகடுகள் புதுசாகவே இருக்கின்றன, மெஷினில் ஒரு குறையும் இல்லை. உண்மையிலேயே கன்டினியுவஸ் ப்ரீசர் வைத்திருக்கிற யாருக்காவது உதவுமானால், வாங்கிய விலையிலிருந்து குறைத்துக் கொடுக்க அவன் தயாராக இருக்கிறான்.

இப்படிக்கு,
கொட்டகலையிலிருந்து ஒரு வாசகன்