படம் ஒட்டிய புத்தகத்தில் என்ன இருக்கிறது, மகள்?

அன்புள்ள மகள்,

பிரித்தானியப் பிரபலம் அலெக்சா சங்கின் ‘இட்’ என்ற புத்தகத்தைப் பற்றி நீ அனுப்பின குரல்பதிவைக் கேட்டேன். “சித்தி, இதில வாசிக்க ஒண்டுமே இல்லை. கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கிறுக்கல், மிச்சமெல்லாம் படம். ஒரு பின்னேரத்தில முடிஞ்சுது” என்கிறாய். உன் வகுப்புப் பிள்ளைகளும் அதையேதான் சொல்கிறார்களாம். அதனால்தான் பதிலை உனக்கு மட்டும் அனுப்பாமல் இங்கே எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

‘இட்’ 2013 இல் வெளிவந்தபோதே வாசகர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். காசு குடுத்து வாங்கினவனுக்கு வாழ்க்கைக் கதை வேண்டாமா என்று ஒரு பக்கம் கோபம். மற்றப் பக்கத்தார் அதை மேசையில் வைத்துக்கொண்டு, நினைத்த நேரத்தில் நினைத்த பக்கத்தை விரித்து ரசித்தார்கள். நான் இவர்களோடு நிற்கிறேன்.

கோபப்பட்டவர்களின் நியாயமும் எனக்கு விளங்குகிறது. சங்குக்கு அப்போது 29 வயது. பிரித்தானியத் தொலைக்காட்சியில் பாப்வேர்ல்ட் என்ற இசை நிகழ்ச்சியை நடத்தினவர், மொடலாக இருந்தவர், 2010 இல் மல்பெரி கம்பனி ஒரு கைப்பைக்கே அவர் பெயரை வைத்தது. இங்கிலாந்தில் ஒரு கிராமத்துப் பிள்ளை எப்படி அங்கே போய்ச் சேர்ந்தாள் என்று அடி முதல் நுனிவரை அறிய யாருக்கும் ஆசை வரும். அந்த ஆசையோடு விரித்தால் ஏமாற்றம்தான். காலையில் என்ன உடுத்துவது, முடி வெட்டுவது, காதல் முறிவது, கரோக்கி பாடுவது என்று புத்தகம் துண்டு துண்டாகத் தாவிக்கொண்டே போகும்.

ஆனால் அந்தத் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், மகள். தனக்கு உடுப்பில் வழிகாட்டினவர்கள் என்று அவர் யாரையெல்லாம் சேர்த்து வைக்கிறார்? ஆடம்ஸ் குடும்பம் என்ற திரைக்கதையில் வரும் சிறுமி வெனஸ்டே. நடிகையும் பாடகியுமான ஜேன் பேர்க்கின். அதே வரிசையில் தன் சீனத் தாத்தா குவான். வெனஸ்டேயின் கறுப்புச் சட்டையையும் வெள்ளைக் கொலரையும் பார்த்த பிறகு, சங் போட்டுப் பிரபலமாக்கின கொலர்ச் சட்டைகளின் வேர் எங்கே என்று யாரும் உனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. உலகம் கொண்டாடுகிறவர்களோடு தாத்தாவையும் சமமாக உட்கார வைத்தது சும்மா நடந்த காரியமில்லை. தன் அழகுணர்ச்சியில் வீட்டுக்கு எவ்வளவு பங்கு என்பதை அவர் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். முந்நூறு பக்கச் சுயசரிதைகள் பலவற்றில் இந்த நேர்மையை நான் காணவில்லை.

இதை நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்கு உன் அம்மம்மா தையலுக்கு அளவு எழுதி வைத்த கொப்பிதான் காரணம். நீ அதைச் சரியாகப் பார்த்ததில்லை. தடித்த அட்டைபோட்ட சிஆர் கொப்பி. இடது பக்கம் கழுத்து, தோள், கை, இடுப்பு என்று அளவுகள்; வலது பக்கம் வெட்டின துணியில் மிஞ்சின மூலை, குண்டூசியால் குத்தியிருக்கும். ஊசி கறள் பிடித்துத் துணியில் மண்ணிறப் பொட்டு விழுந்திருக்கிறது. தைத்துக் கொடுத்ததும் சிவப்புப் பேனையால் ஒரு சரி. கதை என்று ஒரு வரி அதில் கிடையாது. ஆனாலும் எந்த வீட்டில் சாமத்திய வீடு, எந்த வீட்டில் கூறைச் சட்டை என்று பக்கம் பக்கமாகத் தெரியும். ஒவ்வொரு டிசம்பரிலும் பக்கங்கள் வெள்ளையாகிவிடும், தையில் பள்ளிக்கூடம் தொடங்குவதால் எல்லாம் வெள்ளை யூனிபோர்ம் துணி. 2004 டிசம்பர்ப் பக்கங்களும் வெள்ளைதான். கடலோரத்துத் திருக்கடலூரில் இருந்தும் உப்புவெளியில் இருந்தும் வந்த சில அளவுகளுக்கு எதிரே அந்தச் சிவப்புச் சரி இல்லை. அந்த மாதம் 26 ஆம் திகதி கடல் வந்தது. உவர்மலையில் இருந்த எங்கள் வீட்டுக்கும் கொப்பிக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

இதைப் புரட்டிய எவரும் வாசிக்க ஒன்றுமில்லை என்று மூடிவைத்ததை நான் பார்க்கவில்லை.

அதோடு, நம் ஊரில் எத்தனை வீடுகளில் முழு அல்பம் இருக்கிறது? 1990 இல் போரால் இடம்பெயர்ந்தபோது விட்டது பாதி, கடல் கொண்டுபோனது மீதி. எஞ்சின ஒரு படம், ஒரு சீலைத் துண்டு, ஒரு கலியாண அழைப்பிதழ் இவற்றை வைத்துத்தான் பல குடும்பங்கள் தங்கள் கதையைச் சொல்கின்றன. தொடக்கம், நடு, முடிவு என்று ஒழுங்காகச் சொன்னால்தான் வாழ்க்கை என்று எண்ணினால் இவர்களுக்கெல்லாம் கதையே இல்லை என்றாகிவிடும்.

“படம் பார்க்க இன்ஸ்டகிராம் இருக்குத்தானே” என்றும் சொன்னாய். இருக்கிறது. ஆனால் அங்கே இன்று போட்டது நாளைக்கு அடியில் போய்விடும். புத்தகத்தில் எது எதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒருவர் இருந்து யோசித்து ஒட்டியிருக்கிறார். பார்க்க வேண்டியது அந்த யோசனையை. வயதையும் விடு: உடுப்பு அழகுக்குப் பேர்போன அமெரிக்கப் பெண் ஐரிஸ் அப்ஃபெல் 2018 இல் தன் படப் புத்தகத்தை வெளியிட்டபோது அவருக்கு 96 வயது. சொல்வதற்கு ஒரு நூற்றாண்டே கையில் இருந்தும் அவரும் படங்களையும் சின்னச் சின்ன நினைவுகளையும்தான் தெரிந்தெடுத்தார்.

ஒரு குறை உண்மை. ஜேன் பேர்க்கின் யார், வெனஸ்டே யார் என்று தெரியாத பிள்ளைக்குச் சங்கின் பக்கங்கள் வெறும் படம்தான். அந்த ஊர்க்காரர் ஒரு பார்வையில் பிடிப்பதை நாங்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும். உன் வகுப்புக்கும் அதைச் சொல்: பெயர்களைத் தேடிப் பார்த்துவிட்டு ஒருக்கால் திரும்ப விரிக்கட்டும். பிறகும் பிடிக்காவிட்டால் எனக்கு எழுது, நான் சண்டை பிடிக்க மாட்டேன்.

நீ லீவுக்கு வரும்போது அளவுக் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படமெடுப்போம். அம்மம்மாவுக்கு எந்தத் துணி யாருடையது என்பது இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்தில் இருந்து கேட்டு எழுதுவது உன் வேலை.

அன்புடன்,
சித்தி
திருகோணமலை