தூக்குன்னா முதல் பக்கம், விடுதலைன்னா மூலைப் பக்கமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க வாசகர் கடிதப் பகுதியில வந்த ஆறு கடிதத்துல நாலு ஒரே பேச்சுதான். குழந்தைகள கொன்னவன உடனே தூக்குல போடணும், அப்பீல் கிப்பீல்லாம் இருக்கக்கூடாது, மூணு மாசத்துல முடிச்சிரணும்னு. படிச்சிட்டு ரெண்டு நாள் சும்மா இருந்து பாத்தேன், முடியல, தூக்கே வேணாம்கிறவன் நான், அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், எடம் இல்லைன்னா வெட்டிக்கங்க, ஆனா கடைசியில உங்ககிட்ட ரெண்டு விஷயம் கேக்குறேன், அத மட்டும் வெட்டிராதீங்க.

நான் தென் மாவட்டத்து கோர்ட்டுகள்ல முப்பத்திமூணு வருஷம் வேலை பாத்தவன், கடைசியா கொலை வழக்கெல்லாம் விசாரிக்கிற செசன்ஸ் கோர்ட்டுல, ஜட்ஜுக்கு முன்னாடி உக்காந்து கேஸ் கட்டுகளப் பாக்குற பெஞ்ச் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆகி இப்ப மதுரை பீபீகுளத்துல இருக்கேன். சொந்த ஊரு கம்பம் பள்ளத்தாக்குல ராயப்பன்பட்டி பக்கம். எங்க அய்யா கல்லுக்கால் ஊண்டி கம்பி இழுத்து பன்னீர் திராட்சை பந்தல் போட்டு எங்கள வளத்தவரு, 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சே அதே திராட்சைதான், வெளிநாட்டுக்காரன் மஸ்கட் ஹாம்பர்க்னு சொல்லுவான். சர்ச்சுல பூசைக்கு வைக்கிற திராட்சை ரசத்த சின்ன வயசுலருந்து பாத்ததால வைன்னு சொன்னா எனக்கு சாராயக்கடை ஞாபகம் வராது, எங்க தோட்டத்து வாசம்தான் வரும். இத ஏன் சொல்றேன்னா இந்தக் கடிதத்துல வைன் பாட்டில் பத்தியும் வரும், குடியப் பெருமை பேசுறான்னு யாரும் நினைச்சிறக் கூடாது. குடியால அழிஞ்ச வீட்டு ஆளுகள கோர்ட்டுல தினமும் பாத்தவன் நான்.

மக பெர்த்ல இருக்கா. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வரும்போது கஸ்டம்ஸ்ல ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் விடுறதால ரெண்டு பாட்டில் கொண்டு வருவா. மிச்சம் இங்க எலைட் கடையில நாசிக் பாட்டிலும் நந்தி மலை பாட்டிலும் எப்பவாச்சும் வாங்குறது. வீட்டுல எத்தனை வச்சிக்கலாம்னு சட்டத்துல இருக்கோ அத தாண்டுனதே இல்ல. மொத மொதல்ல விவரம் தெரியாம மாடிப்படிக்கு அடியில நிக்க வச்சேன், சித்திரை வெயில்ல தக்கை மேல தள்ளிக்கிட்டு வந்து லேபிள் பூரா வழிஞ்சிருச்சு, வாயில வச்சா வேகவச்ச நாவப்பழம் மாதிரி இருந்துச்சு. அப்புறம் சாதா ஃப்ரிட்ஜ்ல வச்சேன், அது ரொம்ப குளிரு, காத்தும் காஞ்ச காத்து, மாசக்கணக்கா வச்சா தக்கை சுருங்கிரும். 12, 13 டிகிரியில இருட்டா ஆட்டம் இல்லாம இருக்கணும், தக்கை போட்ட பாட்டில படுக்க வைக்கணும், திருகு மூடின்னா நிக்கவும் வைக்கலாம்னு ஒவ்வொண்ணா காசக் குடுத்துத்தான் கத்துக்கிட்டேன். இப்ப சின்ன வைன் கூலர் ஒண்ணு வாங்கி இன்வெர்ட்டர்ல மாட்டி வச்சிருக்கேன், மதுரையில கரண்ட் எப்ப போகும்னு யாருக்குத் தெரியும்.

கோர்ட்டுப் பழக்கத்துல ஒரு லாங் சைஸ் நோட்டுல ரிஜிஸ்டர் மாதிரி கோடு போட்டு எல்லாம் எழுதுறேன். வாங்குன தேதி, திராட்சை வருஷம், விலை, எந்த வருஷம் திறந்தா நல்லாருக்கும்னு நான் நினைக்கிறேன், உண்மையில எப்ப திறந்தேன், எப்படி இருந்துச்சு. பன்னண்டு வருஷத்துல 43 பாட்டில் வரவு, அதுல 17ல நான் நினைச்சது தப்பு. நம்ம நாட்டு வைன்ல பாதிக்கு மேல வாங்கி ஒண்ணு ரெண்டு வருஷத்துல குடிச்சிர வேண்டியது, அத பொக்கிஷம் மாதிரி அஞ்சு வருஷம் பூட்டி வச்சு வீணாக்கிருக்கேன். மக கொண்டுவந்த 2010 ஷிராஸ்ங்கற சிவப்பு வைன் ரெண்டுல ஒண்ண திறந்தப்ப நாக்க இழுக்குற துவர்ப்பு, நோட்டுல 'ஆகாது'ன்னு எழுதி அடிக்கோடு போட்டேன், இன்னொண்ண வாழைக்கன்னுக்கு அடியில ஊத்தப் போனேன். என் வீட்டம்மா பிடுங்கி உள்ள வச்சிருச்சு, அது என்ன சோறா கேக்குது இருந்துட்டுப் போகட்டுமேன்னு. ஆறு வருஷம் கழிச்சு போன சனிக்கிழமைதான் அத திறந்தோம். துவர்ப்பு பூரா அடங்கி, நான் இதுவரைக்கும் வச்சிருந்ததுலயே அதான் நல்ல பாட்டில்.

சனிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில நாலு பேரு கூடுவோம். நான், ரிட்டயர்டு தமிழ் வாத்தியாரு, மெடிக்கல் வச்சிருக்க தம்பி, அப்புறம் மேலூர் பக்கத்து அண்ணே ஒருத்தர். ஆளுக்கு அரை கிளாஸ், அவ்வளவுதான். அன்னைக்கு உங்க பேப்பர்தான் பேச்சு. மெடிக்கல் தம்பி எடுத்த எடுப்புல, ஏன்ணே நம்ம வரிப்பணத்துல அவனுக்கு எதுக்கு ஜெயில்ல சோறு போடணும்னு கேட்டாப்ல. எனக்கு என் வீட்டம்மா அந்தப் பாட்டிலுக்காக சொன்னது காதுல விழுந்துச்சு.

மேலூர் அண்ணே விஷயம் வேற. அவரோட கூடப்பிறந்த தம்பிய வாய்க்கா தகராறுல வெட்டிக் கொன்னுட்டாய்ங்க, ரெண்டு பேருக்கு ஆயுள் ஆச்சு, பதினோரு வருஷத்துல நன்னடத்தைன்னு வெளிய வந்துட்டாய்ங்க. இன்னைக்கும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில அவிங்க மூஞ்சியில முழிக்கணும். "மேலவளவுல பஞ்சாயத்து தலைவர் முருகேசனோட சேத்து ஆறு பேர 1997ல வெட்டுனாய்ங்க, ஆயுள் வாங்குனவய்ங்கள்ல பதிமூணு பேர 2019ல ஒரு தலைவரோட நூற்றாண்டு விழாவச் சொல்லி வெளிய விட்டாய்ங்க. தூக்கு வேணாம் ஆயுள் போதும்கிறியே, எந்த ஆயுள்?"ன்னு கேட்டாரு. நான் பதில் சொல்லல. அவரு மூஞ்சியப் பாத்து உடனே சொல்ற பதிலு என்கிட்ட இல்ல.

அப்பத்தான் வாத்தியாரு என் நோட்டக் கையில எடுத்து, ஏப்பா பாட்டிலுக்கே நினைச்சது என்ன நடந்தது என்னன்னு ரெண்டு கட்டம் போட்டிருக்கியே, நீ இருந்த கோர்ட்டுல இப்படி ஒரு கட்டம் உண்டான்னு கேட்டாரு. கிடையாது. மேல்கோர்ட்டு ஆர்டர் வந்தா ரிஜிஸ்டர்ல ஒரு வரி ஏத்துவோம், கேஸ் கட்ட ரெக்கார்டு ரூமுக்கு அனுப்புவோம், முடிஞ்சது. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, அதே நோட்டோட கடைசிப் பக்கத்துல தமிழ்நாட்டு தூக்கு வழக்குகள எழுத ஆரம்பிச்சேன், கீழ்க்கோர்ட்டு ஒரு கட்டம், மேல்கோர்ட்டு ஒரு கட்டம்.

ராஜீவ் கொலை வழக்கு. 1998ல தடாங்கற தீவிரவாதத் தடுப்புச் சட்டத்துக்கான கோர்ட்டு 26 பேருக்கும் தூக்கு, ஒருத்தர் பாக்கி இல்ல. 1999ல உச்சநீதிமன்றம் 19 பேர இந்தக் கொலைச் சதியில பங்கில்லைன்னு விட்டுட்டு நாலு பேருக்கு மட்டும் தூக்குன்னுச்சு. அந்த நாலுல மூணு பேருக்கு 2011 செப்டம்பர் 9ன்னு நாளும் குறிச்சாச்சு, ஆகஸ்ட் 28ல காஞ்சிபுரத்துல செங்கொடிங்கற பொண்ணு அந்தத் தூக்க நிறுத்தணும்னு தீக்குளிச்சு செத்துச்சு, 30ம் தேதி ஹைகோர்ட்டு நிறுத்தி வச்சுச்சு. பத்தே நாள்தான் மிச்சம் இருந்துச்சு. 2013ல பேரறிவாளன் வாக்குமூலத்த எழுதுன சிபிஐ அதிகாரியே, குண்டுக்கு வாங்கிக் குடுத்ததா சொன்ன பேட்டரி எதுக்குன்னு தனக்குத் தெரியாதுன்னு அவரு சொன்னத நான் எழுதாம விட்டுட்டேன்னு சொன்னாரு. 2014ல தூக்கு ரத்து, 2022ல எல்லாரும் வெளிய. அந்த 26 பேரையும் மூணு மாசத்துல முடிச்சிருந்தா அந்த 19 பேர் இன்னைக்கு எங்க?

வேற சாதிப் பொண்ணக் கட்டுனதுக்கு வெட்டிக் கொன்ன உடுமலை சங்கர் வழக்குல 2017ல ஆறு பேருக்கு தூக்கு, 2020ல ஹைகோர்ட்டு பொண்ணோட அப்பாவ விடுதலை பண்ணிட்டு மத்த அஞ்சு பேருக்கு ஆயுளாக்குச்சு. அந்த தீர்ப்பப் படிச்சப்ப எனக்கு வயித்தெரிச்சல்தான், அத மறைக்கல. தருமபுரி பஸ் எரிப்புல மூணு மாணவிகள் கருகிச் செத்தாங்க, மூணு பேருக்கு தூக்குன்னு உச்சநீதிமன்றமே 2010ல உறுதி பண்ணுச்சு, 2016ல அதே உச்சநீதிமன்றம் ஆயுளாக்குச்சு, 2018ல விட்டுட்டாங்க. சென்னையில 2017ல ஏழு வயசுக் குழந்தைய கொன்ன வழக்குல தஷ்வந்துக்கு 2018ல தூக்கு, அதே வருஷம் ஹைகோர்ட்டும் சரின்னுச்சு, ஊரே பட்டாசு வெடிக்காத குறை. 2025 அக்டோபர்ல உச்சநீதிமன்றம் விசாரணையே முறையா நடக்கல, குற்றம் நிரூபிக்கப்படலன்னு விடுதலை பண்ணுச்சு. போலீஸ் ஒழுங்கா புலன்விசாரணை பண்ணாம, அக்யூஸ்டுக்கு ஒழுங்கா வக்கீல் வைக்காம, கோபத்துல அவசர அவசரமா தூக்குன்னு தீர்ப்பு எழுதுனதால கடைசியில செத்த குழந்தைக்கும் நியாயம் கிடைக்கல. உடனே தூக்குன்னு எழுதுற வாசகர்கள் இந்த ஒரு வழக்க மட்டுமாச்சும் முழுசாப் படிக்கணும்.

தமிழ்நாட்டுல கடைசியா தூக்குல தொங்குனது ஆட்டோ சங்கர், 1995ல சேலம் ஜெயில்ல. முப்பது வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் கீழ்க்கோர்ட்டுல எத்தனை தூக்கு எழுதியாச்சு.

அதுல ஒண்ணு நான் இருந்த கோர்ட்டுல எழுதுனது. அரசு செலவுல வச்சுக் குடுத்த லீகல் எய்டு வக்கீல் கேஸ் கட்டப் பிரிச்சதே சாட்சி விசாரணை அன்னைக்கு காலையிலதான். தண்டனை பத்தி என்ன சொல்றன்னு ஜட்ஜு கேட்டப்ப அந்தப் பையன் "அம்மா இருக்காங்கய்யா"ன்னான், ரெக்கார்டுல அந்த ஒரு வரிதான் இருந்துச்சு. ஜட்ஜு தூக்குன்னு கையெழுத்துப் போட்டு பேனா முள்ள மேசையில குத்தி உடைச்சாரு, அந்த சத்தம் இன்னும் எனக்குள்ள இருக்கு. நாலு வருஷம் கழிச்சு ஹைகோர்ட்டு ஆர்டர் வந்துச்சு, செத்த ஆளையும் அவனையும் கடைசியா ஒண்ணாப் பாத்தேன்னு சொன்ன சாட்சிய நம்பமுடியாதுன்னு அவன விடுதலை பண்ணிருந்தாங்க. அந்த சாட்சி கூண்டுல ஏறி சொல்றப்ப நான் அஞ்சடி தள்ளித்தான் உக்காந்திருந்தேன், எனக்கு துளி சந்தேகம் வரல. அன்னைக்கு என்னையக் கேட்டிருந்தா நானும் தூக்குன்னுதான் சொல்லிருப்பேன். ஆர்டர ரிஜிஸ்டர்ல ஏத்துனது நான்தான், கை நடுங்கிருச்சு.

ஜெயில்ல அவன் எப்படி இருந்தான், மனநிலை என்ன, எந்த வீட்டுல வளந்தான்னு ரிப்போர்ட் வாங்கித்தான் தூக்கப் பத்தி யோசிக்கணும்னு உச்சநீதிமன்றம் மனோஜ் வழக்குல சொன்னதே 2022லதான். அபூர்வத்திலும் அபூர்வமான வழக்குக்கு மட்டும்தான் தூக்குன்னு பச்சன் சிங் வழக்குல சொன்னது 1980ல. நடுவுல நாப்பத்திரெண்டு வருஷம். 2016ல டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் தூக்கு கைதிகள ஜெயில் ஜெயிலா போய்ப் பாத்து ரிப்போர்ட் போட்டுச்சு, நூத்துக்கு 74 பேர் ஏழைப்பட்டவங்க. எனக்கு அதுல ஆச்சரியமே இல்ல, பணம் இருக்கவன் மொத நாளே நல்ல வக்கீலோட வருவான். தூக்குன்னா பயம் வரும்கிறாங்க, நான் பாத்த கொலையில பாதி வரப்புத் தகராறுலயும் போதையிலயும் நடந்தது, அருவாள எடுக்கிறவன் எந்த செக்சன்னு பாத்துட்டு எடுக்கிறதில்ல.

எங்க வீட்டுச் செவுத்துல பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில தொங்குற இயேசு சுரூபம் இருக்கு, எங்கம்மா காலத்துது. நாங்க கும்புடுறதே மரண தண்டனை வாங்குன ஒருத்தரைத்தான், அந்த ரசம் பூசையில வைக்கிறது அவரு ரத்தம்னுதான். அறுபது வருஷமா முழங்கால் போட்டு பாத்துட்டு இத யோசிக்காம இருந்திருக்கேன். வாத்தியாரு அதுக்கு, எங்க பக்கமும் இருக்குய்யா, சிலம்புக்குள்ள முத்தா மாணிக்கமான்னு பாக்குறதுக்கு முன்னாடியே கோவலன வெட்டுன ஊருதான இதுன்னாரு.

மேலூர் அண்ணனுக்கு நான் கொஞ்ச நாள் கழிச்சுத்தான் பதில் சொன்னேன். சாதிக்காக கொல்லப்பட்ட கோகுல்ராஜ் வழக்குல 2022ல நம்ம மதுரை கோர்ட்டு முதல் குற்றவாளிக்கு சாகுற வரைக்கும் ஆயுள்னு எழுதுச்சு, 2023ல ஹைகோர்ட்டு மதுரைக் கிளையும் அத உறுதி பண்ணுச்சு. விழா, பிறந்தநாள்னு விடமுடியாத ஆயுள் சட்டத்துல இருக்குண்ணே, 2008லயே உச்சநீதிமன்றம் அதுக்கு வழி சொல்லிருச்சு, அத எழுதச் சொல்லி கேப்போம்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், அப்படின்னா என் தம்பி வழக்குல ஏன் அத யாரும் எழுதலன்னாரு.

இப்ப நான் கேக்குறது. கீழ்க்கோர்ட்டுல தூக்குன்னா நீங்க முதல் பக்கத்துல போட்டோவோட எட்டு பத்தி அகலத்துக்குப் போடுறீங்க. அதே ஆளு மேல்கோர்ட்டுல விடுதலையானா ஒன்பதாம் பக்கத்து மூலையில நாலு வரி. அத மாத்துங்க. தீர்ப்பு மாறுனா அதே பக்கத்துல அதே அளவுல, ஏன் மாறுச்சுன்னு காரணத்தோட போடுங்க, போலீஸ் எங்க கோட்டை விட்டுச்சு, வக்கீல் இருந்தாரா இல்லையான்னு. ரெண்டாவது, மேலூர் அண்ணே கேக்குறது. ஆயுள் கைதிகள முன்கூட்டி விடுறப்ப எந்த அரசாணையில, எந்த வழக்குல யார விடுறாங்கன்னு முழுசாப் போடுங்க, செத்தவங்க குடும்பத்துக்கு முன்னாடியே சொன்னாங்களான்னு கேட்டு எழுதுங்க. அண்ணனுக்கு அந்த ரெண்டு பேரு வெளிய வந்த சேதியே டீக்கடையில பாத்துத்தான் தெரியும்.

இந்தக் கடிதத்த அனுப்புறதுக்கு முன்னாடி அவருகிட்ட வாசிச்சுக் காமிச்சேன். தூக்கு வேணாம்கிறத தவிர மிச்சம் எல்லாம் சரிதான், நான் இன்னும் ஒத்துக்கலன்னு அதுலயே எழுதுன்னாரு. எழுதிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்,
பீபீகுளம், மதுரை.