மில்லுக்கு முதல் தயிர்ச்சட்டி

அன்பின் மச்சான்,

இங்கு எல்லோரும் சுகம். உன் கடிதம் கிடைத்தது. வவுனியாவில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. அங்கே குளத்தில் இன்னும் தண்ணீர் நிற்கிறது என்று எழுதியிருந்தாய், மாடுகளுக்காவது நிம்மதி.

உங்கள் மாதர் சங்கம் சுழற்சி நிதியோடு (அங்கத்தவருக்கு மாறி மாறிக் கடனாகக் கொடுக்கும் சங்கக் காசு) கொஞ்சம் கடனும் எடுத்து மிளகாய் அரைக்கும் மில் போடப்போகிறது, சரிவருமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். ஊரில் 150 குடும்பம் என்கிறாய். குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ தூள் என்று வைத்தாலும் 150 கிலோ, நாளுக்கு 5 கிலோ. அதை மில் ஒரு மணித்தியாலத்துக்குள் அரைத்துத் தள்ளிவிடும். அரிசிமா, குரக்கன்மா, கோப்பித்தூள் எல்லாம் சேர்த்தாலும் பின்னேரம் மில் பூட்டித்தான் கிடக்கும். பெரிய மோட்டருக்கு த்ரீ பேஸ் கறன்ட் எடுக்க வேண்டும், அந்தச் செலவை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மில் நின்றாலும் தவணை நிற்காது. 2018 இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது ஏன் என்று உனக்கு நான் சொல்லவா வேண்டும்? கிழமைக்குக் கிழமை கட்டும் கடனை எடுத்துப் போகத்துக்கு ஒருதரம் காசு தரும் தொழிலில் போட்டால் இடையில் தோடும் சங்கிலியும்தான் அடகுக் கடைக்குப் போகும்.

ஆகவே என்ன தொழில் என்று கேட்கமுதல், காசு எந்த நாளில் கைக்கு வரும் என்று கேளுங்கள். உங்கள் ஊரில் நாளாந்தம் வருவது பால். போகத்துக்கு வருவது கச்சான், அதுதான் நிலக்கடலை. இரண்டுக்கும் பெரிய மெஷின் தேவையில்லை.

தயிரை முதலில் தொடங்குங்கள், நாளுக்கு 20 லீற்றரோடு. பால் சேகரிப்பு நிலையத்துக்குக் கொடுப்பதை முழுதாக நிற்பாட்டக்கூடாது. தயிர் விற்காத நாளில் அந்த வாசல் திறந்திருக்க வேண்டும். எருமைப்பால் கிடைத்தால் நல்லது. அதில் கொழுப்பு ஏறக்குறைய 7 வீதம், பசுப்பாலில் 4 வீதமளவுதான். கட்டித்தன்மையில் அந்த வித்தியாசம் தெரியும்.

செய்முறை எல்லோருக்கும் தெரியும் என்பார்கள். வீட்டுக்கு ஒரு சட்டி உறைய விடுவது வேறு, 20 சட்டியும் ஒரே மாதிரி வருவது வேறு. பாலை வடித்துக் கொதிக்கவைத்து, கொதித்தபின் அடுப்பைக் குறைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் துழாவிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். தயிர் இறுகுவதும் இளகுவதும் பெரும்பாலும் இந்தப் பதினைந்து நிமிடத்தில்தான். பிறகு 42 முதல் 45 பாகைக்கு ஆறவிட்டு, லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி உறைமோர் கலந்து சட்டிகளில் ஊற்றிக் கடதாசியால் மூடி, நாலு முதல் ஆறு மணித்தியாலம் ஆட்டாமல் அசைக்காமல் விட வேண்டும். விரலை விட்டுச் சூடு பார்க்கும் கைப்பழக்கம் ஆளுக்காள் மாறும். வெப்பமானி ஒன்று வாங்குங்கள். பால் கொதிசூடாக இருக்கும்போது உறை விட்டால் உறையில் இருக்கும் உயிர் செத்துவிடும், பால் பாலாகவே கிடக்கும். மார்கழிக் குளிரில் சட்டிகளை வைக்கோலுக்குள்ளோ றெஜிபோம் பெட்டிக்குள்ளோ வைக்காவிட்டால் விடிந்தும் உறையாது. மேலே தண்ணீர் பிரிந்து நின்றால் அதிக நேரம் விட்டிருக்கிறீர்கள், அல்லது உறைமோர் புளித்துப் பழசாகிவிட்டது. ஒரே உறையை மாதக்கணக்கில் இழுக்காமல் புளிப்பும் வாசமும் மாறுகிறதென்று கண்ட உடனே புதிதெடுங்கள்.

ஆனால் ஆளை விழுத்துவது இதொன்றுமில்லை. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பால். அந்த மருந்து பாலில் இறங்கும். உறையவைக்கும் கிருமியைக் கொல்லும். ஒரு மாட்டின் பால் சேர்ந்தாலே முழுக் கிடாரமும் உறையாமல் போகலாம். மிருக வைத்தியர் சொன்ன நாள் கழியும்வரை அந்தப் பாலை எடுக்கவே கூடாது. பால் தருபவர் சொல்லாமல் விட்டால் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: ஒவ்வொருவர் பாலிலும் அரைக் கோப்பை எடுத்துக் காய்ச்சி, தனித்தனியே உறை விட்டுப் பெயர் எழுதி வையுங்கள். எந்தக் கோப்பை உறையவில்லையோ அந்தப் படலையில் போய்க் கேட்கலாம். தண்ணீர் கலந்ததைப் பால்மானி காட்டும்; மாட்டுக்காரரோடு வாய்த்தர்க்கம் தேவையில்லை.

சட்டி விலையைச் செலவில் போட மறக்காதீர்கள். பாவித்த மண்சட்டியைத் திரும்ப எடுக்க நினைக்க வேண்டாம். துளைகளுக்குள் ஊறிய பழைய புளிப்பை எந்தத் தேய்ப்பும் எடுக்காது. கோடையில் புல் காய்ந்து பால் குறையும். கடைக்காரருக்கு ஒப்புக்கொள்ளும் சட்டிக் கணக்கு அந்த மாதத்துக் கணக்காக இருக்கட்டும், மாசி மாதத்துக் கணக்காக அல்ல.

இனிக் கச்சான். முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்கும்போது சரை சரையாக வாங்குகிறோமே, அது வன்னியில் எவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத வியாபாரம். சொல்லிக்கொடுக்க வேண்டியது காயவைப்பது. பிடுங்கியதும் கொடியோடு குவித்துவிடுவார்கள், அங்கேதான் பூஞ்சணம் பிடிக்கிறது. கொடியைக் கவிழ்த்துக் கச்சான் மேலே தெரியும்படி இரண்டு மூன்று நாள் வயலில் விட்டு, பிறகு ஆய்ந்து படங்கில் மெல்லிதாகப் பரப்பி நாலு ஐந்து நாள் காயவிட வேண்டும். வெறும் நிலத்தில் வேண்டாம். பொழுதுபடமுன் மூடாவிட்டால், தை மாசிப் பனி பகலில் காய்ந்ததை இரவில் திருப்பிக் கொடுத்துவிடும். காதடியில் குலுக்கினால் உள்ளே பருப்புக் கிலுகிலுக்க வேண்டும், பருப்பைக் கசக்கினால் தோல் கழர வேண்டும். அதற்குமுன் மூட்டை கட்டக்கூடாது. கட்டும்போது சணல் சாக்கு. யூரியாப் பை வேண்டாம், வேர்க்கும். அடியில் பலகை, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

கோது உடைக்க இலகுவென்று தண்ணீர் தெளிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அதை அடியோடு நிற்பாட்டுங்கள். பூஞ்சணம் பிடித்த கச்சானில் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது, ஈரலைக் கெடுப்பது. வறுத்தால் போய்விடும் என்பது பிழை. குறையும், முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி ஒதுக்க வேண்டும். ஒதுக்கியதைப் பால்மாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த நஞ்சு மாட்டுக்குள்ளால் பாலுக்கு வரும், பிறகு உங்கள் தயிர்ச்சட்டிக்கே வந்து சேரும்.

வறுக்கச் சலித்துக் கழுவிக் காயவைத்த மணல், கச்சானைப்போல் இரண்டு மடங்கு. மணல் நன்றாகச் சூடேறியபின் கச்சானைப் போட்டு, நடுத்தர நெருப்பில் 15 முதல் 20 நிமிடம் கை எடுக்காமல் வறுக்க வேண்டும். ஒன்றை உடைத்துப் பார்த்தால் பருப்பு வைக்கோல் நிறம். அப்போதே இறக்கிச் சலியுங்கள். பொன்னிறம் வரட்டும் என்று தாச்சியில் விட்டால், இறக்கியபின்னும் உள்சூட்டில் வெந்து கருகிக் கசக்கும். முழுதாக ஆறமுன் பையில் அடைத்தால் வேர்த்து நமுத்துப்போகும். மெல்லிய பொலித்தீன் பை மொறுமொறுப்பை அதிக நாள் காக்காது. கடைக்குக் கொடுப்பதற்குத் தடித்த பை, வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் விற்பதற்குக் கடதாசிச் சரை போதும்.

விலை போடும்போது எல்லோரும் பிழைவிடும் இடம் இது. கணக்குக்காகக் கோதோடு கிலோ 100 ரூபா என்று வை. 100 கிலோ உடைத்தால் பருப்பு ஏறத்தாழ 65 கிலோ. பொறுக்கி 5 கிலோ கழித்தால் 60. வறுக்கும்போது ஈரம் போய் 57. அப்படியானால் வறுத்த பருப்பின் அடக்கம் கிலோ 175 ரூபா. விறகு, பை, கூலி இன்னும் சேரவில்லை. 100 க்கு வாங்கினோம், 160 க்கு விற்றோம், 60 லாபம் என்று சந்தோசப்படுபவர் உண்மையில் கிலோவுக்கு 15 ரூபா கையை விட்டுக் கட்டுகிறார். சங்கத்துப் பெண்கள் தங்கள் கூலியையும் கொப்பியில் எழுத வேண்டும். சொந்தக் கை என்று விட்டுவிட்டால் அந்தத் தொழில் ஓடுகிறதா நொண்டுகிறதா என்று ஒருநாளும் தெரியாது.

நல்லெண்ணெய் பற்றியும் கேட்டிருந்தாய். 10 கிலோ எள்ளுக்கு 4 லீற்றரளவு வரும், பிண்ணாக்கு மாட்டுக்கு. ஆனால் அதுவும் மெஷின்தான். அடுத்த வருடம் பார்ப்போம்.

பதிவு வேலை பெரிதல்ல. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, பிரதேச சபையில் அனுமதிப்பத்திரம். செய்யும் இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பதை, சுவருக்கு வெள்ளை அடித்து முடித்தபின் அல்ல, அதற்குமுன்பே கேளுங்கள். வடிகாலை மாற்றச் சொன்னால் இரண்டாம் தரம் உடைக்கத் தேவையில்லை. லேபலில் பெயர், நிறை, சேர்மானம், செய்த திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், விலாசம், விலை இருக்கட்டும்.

வெப்பமானியும் பால்மானியும் இங்கே வாங்கி, வெள்ளிக்கிழமை முல்லைத்தீவு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். சந்தியில் யாரையாவது நிற்கச் சொல். யார் யார் வீட்டில் எத்தனை லீற்றர், ஆடி ஆவணியில் அது எவ்வளவுக்கு இறங்கும் என்று இரண்டு நிரலாக எழுதி அனுப்பு. அதைப் பார்த்துத்தான் எத்தனை சட்டிக்கு முற்பணம் கொடுப்பது என்று சொல்லலாம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்