நீல நூல்

அன்புள்ள அக்கா,

ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கருத்தாளர் பொறுப்பு வேண்டாம் என்று நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த கல்வியாண்டிலிருந்து மறுபடியும் மூன்றாம் வகுப்பு. போனில் சொன்னால் "ம்" என்று மட்டும் சொல்வீர்கள். அந்த "ம்"முக்குப் பயந்துதான் இங்கே எழுதுகிறேன்.

நம்மைத் தெரிந்தவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உங்கள் வகுப்பை நான் குறைசொன்ன அந்தக் கூட்டத்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. நான் சொன்ன ஒரு வாக்கியத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: "பக்கத்து வகுப்பில் வாசிப்பு நடப்பதாகத் தெரியவில்லை, கதைதான் நடக்கிறது." யார் யார் சிரித்தார்கள் என்பது வேண்டாம். அவர்களில் இருவர் இன்றும் என் நண்பர்கள்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கூட்டம்கூட என்னை அவ்வளவு உறுத்துவதில்லை. உறுத்துவது அந்த நூல்.

மதிய இடைவேளை. உங்கள் அறையின் கடைசி ஜன்னலுக்குக் கீழே என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலில் ஒரு தடித்த புத்தகத்தை நிறுத்தி வைத்திருந்தாள். ஒரு புத்தகம் முடித்தால் ஒரு நட்சத்திரம் ஒட்டும் என் அட்டவணையில் அவள் பெயருக்கு நேரே இரண்டே நட்சத்திரம். விரல் வரிக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருந்தது, உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒரு சொல்லில் விரல் நின்றது. வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போனது, மறுபடியும் வந்தது, மெதுவாகத் தாண்டியது. கதையில் யாரோ எதிலோ மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் புத்தகத்தைப் பிடுங்கி மூடினேன். "இதை முடிக்க உனக்கு ஒரு வருடம் ஆகும். மெல்லியதாக நான்கு எடு, உன் வரிசை நிறையும்" என்றேன். மூடிய வேகத்தில் உள்ளேயிருந்து ஒரு நீல நூல் விழுந்தது. சீருடையின் ஓரத்திலிருந்து பிய்த்த நூல். அடையாளத்துக்கு வைத்திருக்கிறாள்.

நீங்கள் எழுந்து வந்து அதைப் பொறுக்கினீர்கள். எந்தப் பக்கம் என்று அவளிடம் கேட்கவில்லை. புத்தகத்தைப் பிரித்து, இரண்டு தாள் முன்னே புரட்டி, நூலை வைத்து, அலமாரியில் செருகினீர்கள். பிறகு உங்கள் நாற்காலிக்குப் போய், கவிழ்த்து வைத்திருந்த உங்கள் புத்தகத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினீர்கள்.

எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. அவள் என் வகுப்புப் பிள்ளை, அக்கா. 38 பேருடைய நட்சத்திரக் கணக்கும் எனக்கு மனப்பாடம். யார் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று கேட்டிருந்தால் ஒருவரைப் பற்றிக்கூடச் சொல்லத் தெரிந்திருக்காது.

அன்றே நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாமே? ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஐந்து வருடம் இருந்தோம். நான் வேலைக்குப் புதியவள், நீங்கள் இருபது வருடம் பார்த்தவர். உங்கள் மௌனத்தை எல்லோரும் பெருந்தன்மை என்பார்கள். எனக்குச் சில நாட்களில் அது அகம்பாவமாகவே படுகிறது. மாற்றலாகிப் போகும் நாளில்கூட "நன்றாக இரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். நன்றாக இருப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் குறைந்தா போயிருக்கும்?

என் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. அந்த வருடம் எழுத்துக் கூட்டவே திணறிய பிள்ளைகள் என் வகுப்பில் பதினொரு பேர். 41 நட்சத்திரம் வாங்கினானே, அவனும் அவர்களில் ஒருவன். கொம்பும் காலும் சேர்ந்து வந்தாலே விழி பிதுங்கும். அவனைப் புத்தகத்தின் முன்னால் உட்காரவைத்தது என் ஸ்டிக்கர்தான். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அவன் புத்தகம் எடுக்கும் விதத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அலமாரியில் புத்தக முதுகுகளின் மேல் கட்டைவிரலை ஓட்டுவான். எது மெல்லியதோ அதை உருவுவான். பதினாறு பக்கத்துக்கு மேல் எதையும் தொட்டதில்லை. ஒரே முயல் கதையை மூன்று வெவ்வேறு நாள் காட்டி மூன்று நட்சத்திரம் வாங்கியிருக்கிறான், கணக்குப் பார்க்கும் அவசரத்தில் நானும் கொடுத்திருக்கிறேன். ஆண்டு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அட்டவணையைக் கழற்றினேன். அதன்பிறகு அவன் அலமாரிப் பக்கம் போகவே இல்லை.

அந்த அட்டவணையின் புண்ணியத்தில்தான் கருத்தாளரானேன். பயிற்சிக்குத் தயாரிக்கும்போதுதான் 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் செய்த சோதனை கண்ணில் பட்டது. மூன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள பிள்ளைகள், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ளவர்கள். சிலரிடம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா பரப்பி வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்தவர்கள் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் அவற்றைத் தொட்டார்கள். சொல்லாமல் பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை.

இதை நான் காலையில் ஸ்லைடு போட்டு விளக்குவேன். நட்சத்திர அட்டவணை அமைப்பது எப்படி என்று அதே பயிற்சியில் மதியம் சொல்லிக்கொடுப்பேன். ஒருமுறை பின்வரிசையிலிருந்து ஓர் இளம் ஆசிரியை, "அப்படியானால் காலையில் சொன்னது?" என்று கேட்டுவிட்டார். அது ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளுக்கு, ஆசையே இல்லாதவர்களுக்குப் பரிசு வேண்டும் என்று சமாளித்தேன். பரிசுகளால் பெரிய கேடு இல்லை என்று 1994இல் கேமரனும் பியர்ஸும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதிய தொகுப்பாய்வைத் துணைக்கு அழைத்தேன். 1999இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் 128 ஆய்வுகளைத் திரட்டி, எதிர்பார்த்துப் பெறும் பொருட்பரிசு உள்ளார்ந்த ஆர்வத்தைக் குறைக்கிறது என்று காட்டியதையும் படித்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

என்னிடம் ஏழு சான்றிதழ்கள் இருக்கின்றன, அக்கா. ஏழும் ஒருநாள், இரண்டு நாள் பயிற்சிகளுக்கு. நானும் கட்டைவிரலை ஓட்டி மெல்லியதாகத்தான் எடுத்திருக்கிறேன்.

வரும் ஆண்டில் என்ன செய்யப்போகிறேன் என்று பெரிதாகத் திட்டம் இல்லை. தினமும் இருபது நிமிடம், நானும் ஒரு புத்தகத்தோடு உட்காரப்போகிறேன். பிடிக்காததைப் பாதியில் வைத்துவிடலாம். யாரும் சுருக்கம் எழுத வேண்டாம். எல்லாம் உங்களிடமிருந்து எடுத்தது. உங்களிடம் இல்லாத ஒன்றையும் செய்வேன். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரே பத்தியைத் தடங்கல் போகும்வரை வாய்விட்டு வாசிக்கவைப்பேன். கதை கேட்டுக் கேட்டே உங்கள் வகுப்பைத் தாண்டிவிட்டு, ஐந்தாம் வகுப்பில் பாடப்புத்தகத்தின் முன்னால் விழித்துக்கொண்டு நின்ற இருவரை எனக்குத் தெரியும். இதை எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதலாமா என்று நேற்றிரவு முழுவதும் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டது. கூட்டத்தில் சொன்னதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நூலுக்கு அவளிடம்தான் கேட்க வேண்டும். இப்போது கல்லூரிப் படிப்பையே முடித்திருப்பாள்.

அந்த மதியத்துக்குப் பிறகு இடைவேளையில் அவள் எங்கே போனாள் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தேன். உங்கள் அறைக்குத்தான் வந்தாளா? அந்தப் புத்தகத்தை முடித்தாளா? வேறெதற்கும் பதில் வேண்டாம், இதற்கு மட்டும் எழுதுங்கள்.

உங்கள் பக்கத்து வகுப்புக்காரி