சிங்கப்பூர் டூர் நடத்துபவர்களே, ஒரு மாலையை எங்களுக்கு விடுங்கள்

சென்னை, திருச்சி, மதுரை, கோவையிலிருந்து சிங்கப்பூருக்கு ஆட்களை அழைத்து வரும் டூர் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

நீங்கள் அழைத்து வருகிறவர்களில் பலருக்கு இங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறோம். அக்கா மகன், சித்தப்பா, கூடப் படித்தவன் என்று யாராவது ஒருவர். டிக்கெட் கையில் கிடைத்ததுமே எங்களுக்கு வாட்ஸ்அப் வந்துவிடும்: "அங்கதான் வர்றோம், பார்க்கலாமா?" எங்களுக்கும் ஆசைதான். ஆனால் நீங்கள் போட்டுத் தரும் நாலு நாள் அட்டவணையில் மூச்சு விட இடமில்லை. பகலெல்லாம் யுனிவர்சல் ஸ்டுடியோஸ், சாயங்காலம் கேபிள் கார், ராத்திரி நைட் சஃபாரி. கடைசியில் ஹோட்டல் வாசலில் பத்து நிமிடம் நின்று பேசி, அவர்கள் கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, ஒரு செல்ஃபியோடு திரும்பி வருகிறோம்.

பளபளப்பை நான் குறை சொல்லவில்லை. கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை தி பே) இரவு 7.45க்கும் 8.45க்கும் அந்த ராட்சத செயற்கை மரங்கள் பாட்டுக்கேற்ப ஒளிர்வதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அது இலவசம். இலவசக் காட்சியை 'பேக்கேஜில் உண்டு' என்று நீங்கள் எழுதுவதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். ஆனால் மரினா பே சேண்ட்ஸ் ஹோட்டலின் உச்சியில் இருக்கும் நீச்சல் குளத்தின் படத்தை விளம்பரத்தில் போடாதீர்கள், தயவுசெய்து. அந்தக் குளம் அங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும்தான். மற்றவர்கள் டிக்கெட் எடுத்துப் பார்வைத் தளத்துக்குப் போகலாம், அவ்வளவே. நீச்சலுடையை மடித்து எடுத்து வந்த ஒரு சித்தியிடம் இதை விளக்கும் வேலை கடைசியில் என் தலையில் விழுந்தது.

என் முக்கியமான வருத்தம் சைனாடவுன் பற்றியது. பகோடா ஸ்திரீட்டில் எல்லாரையும் இறக்கி, முக்கால் மணி நேரம் கொடுக்கிறீர்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் மெர்லயனும் (சிங்கத் தலையும் மீன் உடலுமான இந்த ஊர்ச் சின்னம்) சாவிக்கொத்தும் வாங்கவே அது சரியாகிவிடும். அந்தத் தெருமுனையிலேயே நிற்கிறது மாரியம்மன் கோவில். 1819இல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்து, செங்கல் சூளை போட்டுப் பிழைத்த நாராயண பிள்ளை முன்நின்று 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலைக் கூரையாலும் எழுப்பியது. இந்த ஊரின் மிகப் பழைய இந்துக் கோவில் அதுதான். தீபாவளிக்கு முன்னால் நடக்கும் தீமிதிக்கு, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலிலிருந்து இங்கே ஊர்வலமாக வருவார்கள். கோவிலைத் தாண்டிச் சில அடி நடந்தால் தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ பள்ளிவாசல். இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் தெலுக் ஆயர் ஸ்திரீட். ஒரு காலத்தில் அலை வந்து மோதிய கரை அது. கடலைத் தூர்த்துத் தூர்த்து, இன்று அங்கிருந்து தண்ணீரே கண்ணில் படாது. கப்பலில் வந்து இறங்கியவர்கள் கட்டிய வழிபாட்டிடங்கள் அந்தத் தெருவில் வரிசையாக நிற்கின்றன: சீனர்களின் தியான் ஹோக் கெங் கோவில், பக்கத்திலேயே நம் நாகூர் ஆண்டவர் பெயரில் 1830 வாக்கில் கட்டி முடித்த தர்கா, கொஞ்சம் தள்ளிக் குச்சுப் பள்ளி என்று அழைக்கப்பட்ட அல்-அப்ரார் பள்ளிவாசல். நாகப்பட்டினத்துக்காரர் ஒருவரை அந்தத் தர்கா வாசலில் நிறுத்திப் பாருங்கள். மெர்லயன் வாயிலிருந்து கொட்டும் தண்ணீருக்கு அந்த முகம் வராது.

இதற்கெல்லாம் டிக்கெட் இல்லை. உங்களுக்குக் கமிஷனும் இல்லை, புரிகிறது. அதனால்தான் அழைத்துப் போங்கள் என்று கேட்கவில்லை, எங்களிடம் விடுங்கள் என்கிறேன்.

அப்புறம் வீடு. இங்கே குடியிருப்பவர்களில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் இருக்கிறோம். உங்கள் பஸ் எங்கள் புளோக்குகளைக் கடந்துதான் விமான நிலையம் போகிறது. "அதெல்லாம் குடியிருப்பு" என்று வழிகாட்டி ஒரு வரியில் முடித்துவிடுகிறார். மின்தூக்கியில் எங்களோடு மேலே வந்து, சீன, மலாய் அண்டை வீட்டாரைப் பார்த்து, கீழே உணவங்காடியில் (ஹாக்கர் சென்டர்) டிஷ்யூ பொட்டலத்தைப் போட்டு இடம் பிடித்து, ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ) குடித்து, தட்டை நாமே திருப்பி வைத்துவிட்டு வருவதும் சிங்கப்பூர்தான். அந்த உணவங்காடிப் பண்பாட்டை 2020இல் யுனெஸ்கோவே தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

ஒரே ஒரு மாலை கேட்கிறேன். ஐந்து மணிக்கு மேல் எதுவும் போடாதீர்கள். வருஷம் முழுக்க இங்கே ஏழு மணியையொட்டித்தான் பொழுது சாயும், வயதானவர்களும் வெயில் தணிந்த பிறகு நடக்கலாம். ஷாப்பிங் போய்விடுமே என்று கவலை வேண்டாம், முஸ்தபா கடை நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். சொந்தக்காரர் இல்லாதவர்களைத் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் விட்டாலே போதும், வழி கேட்கத் தமிழில் ஆள் கிடைக்கும்.

ஹோட்டல் பெயரை மட்டும் கிளம்பும் முதல் நாள் ராத்திரி சொல்லாமல், பணம் கட்டும்போதே பயணிகளிடம் சொல்லிவிடுங்கள். வங்கிக் கார்டை வெளிநாட்டில் பயன்படும்படி வங்கியில் திறந்துவிட்டு வரச் சொல்லுங்கள், விசா, மாஸ்டர்கார்டு போன்ற தட்டும் வகைக் கார்டு என்றால் அதைத் தட்டியே எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறலாம். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இரவு பதினொன்றுக்குள் உங்கள் ஹோட்டல் வாசலில் கொண்டுவந்து விடுவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
சிங்கப்பூரில் வசிக்கும் உங்கள் பயணிகளின் சொந்தக்காரன் ஒருவன்