எட்டு நீல இணைப்பு போட்டவனுக்கு

அன்புள்ள மணி,

பதில் எழுதாமல் இழுத்தடித்ததற்கு நீ திட்டியதெல்லாம் நியாயம்தான். திட்டி முடித்துவிட்டாய் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எல்லாரும் நலம். காற்புள்ளி அக்கா இன்னும் காற்புள்ளி போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

தமிழ் விக்கிப்பீடியாவில் புதியவர்கள் கேள்வி கேட்கும் ஒத்தாசைப் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டேன், இனிப் புதியவர்களுக்கு நான்தான் பதில் சொல்லப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் சந்தோஷம். அடுத்த நிமிஷமே பயம். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற சண்டையில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிய கையாயிற்றே அது, மூன்று வரியில் நிற்குமா என்று போய்ப் பார்த்தேன். நிற்கவில்லை.

கேட்டவர் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: "நான் எழுதின கட்டுரைய காணோம், யார் எடுத்தது?" நீ அதற்குக் குறிப்பிடத்தக்கமை, நடுநிலை நோக்கு, பதிப்புரிமை, நடைக் கையேடு என்று விதிப் பக்கங்களுக்கு எட்டு நீல இணைப்புகளை வரிசையாக அடுக்கியிருக்கிறாய். கொள்கை ஒன்றும் தப்பில்லை. ஆனால் அவர் கட்டுரையை யாருமே எடுக்கவில்லையடா. ஆங்கில விக்கிப்பீடியாவில், எழுதிப் பழகும் தனிப்பக்கமான தன்னுடைய மணல்தொட்டியில் சேமித்துவிட்டு இங்கே வந்து தேடிக்கொண்டிருக்கிறார். ஒரே கணக்கு எல்லா மொழி விக்கிகளிலும் செல்லுபடியாவதால், எப்போது எந்த வீட்டுக்குள் இருக்கிறோம் என்பதே புதியவர்களுக்குப் பிடிபடுவதில்லை. நாடி பிடிக்காமலேயே மருந்துச் சீட்டு எழுதிவிட்டாய்.

ஒத்தாசைப் பக்கத்தில் வரும் கேள்வி பெரும்பாலும் நோயைச் சொல்லாது. கேட்பவருக்கு நம் சொற்கள் தெரியாது; தெரிந்த சொல்லில் கேட்கிறார். அதனால் கேள்வியை ஒருமுறை படித்துவிட்டு, பதில் பெட்டியைத் திறக்காமல் அவர் செய்த தொகுப்புகளை எல்லாம் பட்டியலிடும் பங்களிப்புகள் பக்கத்தைத் திற. பெயர் இல்லாமல் கேட்டிருந்தால் ஒத்தாசைப் பக்கத்தின் வரலாற்றில் யார் என்று தெரிந்துவிடும்.

"காணோம்" என்பதையே எடுத்துக்கொள். பங்களிப்புகளில் அந்தக் கட்டுரை இருக்கிறதென்றால் அதன் வரலாற்றுக்குப் போ. யாராவது அவர் எழுதியதை எடுத்துவிட்டு முந்தைய வடிவத்துக்கு மீளமைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் தலைப்பு நகர்ந்திருக்கும். பங்களிப்புகள் வெறுமையாக இருந்தால் "இவர் ஒன்றுமே எழுதவில்லை" என்று முடிவுகட்டிவிடாதே. நீக்கப்பட்ட பக்கத்தில் செய்த தொகுப்புகள் நிர்வாகி அல்லாதவர்களுக்கு அந்தப் பட்டியலில் தெரியாது. உனக்கும் தெரியாது. என்ன தலைப்பு என்று கேட்டு வாங்கி நீக்கல் பதிவில் தேடு. நீக்கியவர் யார், காரணம் என்ன என்று இரண்டும் அங்கே இருக்கும். அதிலும் இல்லையென்றால் அதே பயனர்பெயருக்கு வேறு மொழி விக்கிகளில் தொகுப்பு இருக்கிறதா பார். அதுவும் இல்லையென்றால் அது சேமிக்கப்படவே இல்லை.

சேமிக்கப்படாததற்கும் காரணம் உண்டு. முன்தோற்றத்தைப் பார்த்துவிட்டு, பக்கம் வந்துவிட்டது என்று நம்பி மூடிவிடுவார்கள். இன்னொன்று, புதுக்கணக்கிலிருந்து வெளி இணைப்பு எதையாவது சேர்த்தால், படத்திலுள்ள எழுத்துகளைத் தட்டச் சொல்லி ஒரு பெட்டி வரும். கைப்பேசியில் அது கண்ணில் படாமல் போய்விடும். அவர் சேமிக்கும் பொத்தானையே அழுத்தி அழுத்தி ஓய்ந்துபோவார். சந்தேகமான தொகுப்புகளைத் தானாகப் பிடிக்கும் முறைகேடு வடிகட்டி தடுத்திருக்கவும் வாய்ப்புண்டு. அதற்குத் தனிப் பதிவு இருக்கிறது, அங்கேயும் ஒரு பார்வை. இத்தனையும் பார்க்க உனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகாது. பார்த்தபின் எழுதவேண்டிய பதில் இரண்டே வரி: "உங்கள் கட்டுரை பத்திரமாக இருக்கிறது. ஆங்கில விக்கியில் உங்கள் மணல்தொட்டியில் உள்ளது, இதோ இணைப்பு." அவ்வளவுதான். நடைக் கையேடு அடுத்த மாதம் படிக்கட்டும்.

அதைவிடக் கூத்து, நீ பதில் சொன்னதே அவருக்குத் தெரியாது. முதலில் அவர் பெயரை இணைக்காமல் சேமித்தாய். பிறகு நினைவு வந்து அதே பதிலுக்குள் போய்ப் பெயரை மட்டும் நுழைத்தாய். வரலாற்றில் எல்லாம் தெரிகிறது, மறைக்காதே. அப்படி நுழைத்தால் அறிவிப்பு போகாது. பெயர் இணைப்பும், கையொப்பமாக மாறும் நான்கு அலைக்குறிகளும் (~~~~) ஒரே சேமிப்பில், புதிய வரியாகப் போனால்தான் அறிவிப்பு மணி அடிக்கும். மறந்துவிட்டால் பழையதைத் திருத்திக்கொண்டிருக்காமல் கீழே புது வரி தொடங்கிப் பெயரோடு கையொப்பமிடு. இன்னும் எளிது, அவருடைய பேச்சுப் பக்கத்தில் "ஒத்தாசைப் பக்கத்தில் பதில் இருக்கிறது" என்று ஒரு வரி போடுவது. அது எப்படியும் போய்ச் சேரும்.

இனி நீ அடிக்கடி பார்க்கப்போகிற சில்லறைத் தொல்லைகள். பத்தியின் தொடக்கத்தில் அச்சுப் புத்தகம்போல இடைவெளி விட்டு எழுதுகிறவர்கள் உண்டு. வரியின் முதலில் ஒரே ஒரு வெற்றிடம் இருந்தாலும் விக்கி அந்த வரியைச் சாம்பல் பெட்டிக்குள் தூக்கிப் போட்டுவிடும். வெற்றிடத்தை அழித்தால் சரி. அடுத்த பத்தி வேண்டுமென்றால் ஒரு வரியை முழுதாகக் காலியாக விடவேண்டும், ஒருமுறை மட்டும் தட்டினால் இரண்டு வரியும் ஒட்டிக்கொள்ளும்.

"பாதிக் கட்டுரை போய்விட்டது, சிவப்பில் என்னமோ வருகிறது" என்றால் மேற்கோளுக்கான ரெஃப் குறியை (<ref>) திறந்து மூடாமல் விட்டிருக்கிறார். அங்கிருந்து அடுத்த மேற்கோள் மூடும் இடம்வரை உள்ள அத்தனையையும் அது விழுங்கிவிட்டுப் பிழைச்செய்தியை மட்டும் துப்பும். உரை மூலத்தில் அப்படியேதான் இருக்கிறது என்பதை முதலில் சொல். பாவம், அழுதுவிடும் நிலையில் இருப்பார்கள்.

மணல்தொட்டியில் எழுதும் வரைவிலேயே, ஒரே வகைக் கட்டுரைகளைப் பட்டியலிடும் பகுப்புகளையும் போட்டுவிடுவார்கள். அரைகுறை வரைவு நிஜக் கட்டுரைகளோடு பகுப்புப் பக்கத்தில் வந்து நிற்கும். [[:பகுப்பு:…]] என்று முன்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்தால் இணைப்பாக மட்டும் இருக்கும். கட்டுரையை வெளியிடும்போது அந்த முக்காற்புள்ளியை எடுத்துவிடச் சொல்.

எனக்குப் பிடித்தது ஒன்று இருக்கிறது, இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடு. "கட்டுரை இருக்கிறது, ஆனால் இணைப்பு சிவப்பாகவே வருகிறது" என்று ஒரு கேள்வி வரும் (சிவப்பு என்றால் அப்படியொரு பக்கம் இல்லை என்று பொருள்). கண்ணுக்கு இரண்டு தலைப்பும் அச்சு அசல் ஒன்றாக இருக்கும். கௌதமர் என்று சரியாகத் தட்டினால் க-வுக்குப் பின் ௌ என்ற ஒரே குறி. பலர் கெ என்று தட்டி அதன்பின் ள என்ற எழுத்தைச் சேர்க்கிறார்கள்: கெளதமர். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஔவையார், ஒளவையார் கதையும் இதேதான். ஒகர ஓகாரக் குறிகளை (ொ, ோ) இரண்டு துண்டாகத் தட்டினால் விக்கியின் மென்பொருளான மீடியாவிக்கி தானே ஒன்றாக்கிக்கொள்ளும், அதில் சிக்கல் வராது; ள என்பது முழு எழுத்து என்பதால் அதை ஒன்றாக்க வழியே இல்லை. கண்டுபிடிக்கக் கைவசம் ஒரு வழி: அந்த எழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்துப் பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டு. க மட்டும் மிஞ்சினால் சரியான வடிவம். கெ மிஞ்சினால் போலி. திருத்திவிட்டு, போலி வடிவத்திலிருந்து சரியான தலைப்புக்கு ஒரு வழிமாற்றும் போட்டுவிடு. அடுத்து வருகிறவரும் அப்படித்தான் தட்டித் தேடுவார்.

இதே குடும்பத்தில் இன்னொன்று: மொழி இணைப்பு கொடுக்கப் போனால், ஒரே பொருளின் பலமொழிக் கட்டுரைகளை இணைத்துவைக்கும் விக்கித்தரவு மறுக்கிறது, வேறு தமிழ்ப் பக்கம் ஏற்கெனவே இணைந்திருப்பதாகச் சொல்கிறது என்பார்கள். அது பிழை இல்லை, துப்பு. அதே பொருளில் இன்னொரு கட்டுரை வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றிணைக்கவேண்டும். தலைப்பு பிடிக்கவில்லை என்று புதுப்பக்கம் தொடங்கி உரையை வெட்டி ஒட்டுகிறவர்களையும் தடுத்து நிறுத்து. வரலாறு பழைய பக்கத்திலேயே தங்கிவிடும், எழுதியவர்களின் பெயர் போய்விடும். நகர்த்தத்தான் வேண்டும். புதுக்கணக்குக்கு அந்த உரிமை உடனே கிடைக்காது என்பதால் நீயே நகர்த்திக் கொடு.

பதிப்புரிமைக் கேள்விகளில் மட்டும் கண்டிப்பாக இரு, ஆனால் குரலை உயர்த்தாதே. "என் வலைப்பதிவில் நானே எழுதியது, அதை இங்கே ஒட்டினால் என்ன?" என்று நேர்மையாகக் கேட்பார்கள். அவர்தான் எழுதினார் என்பதற்கு நம்மிடம் சான்று இல்லை. அந்த வலைப்பதிவிலேயே கிரியேட்டிவ் காமன்ஸ் BY-SA உரிமத்தில் வெளியிடுவதாக எழுதிவைக்கட்டும் (விக்கிப்பீடியா 2023இல் அதன் 4.0 பதிப்புக்கு மாறிவிட்டது, பழைய 3.0ஐ நினைவில் வைத்துக்கொண்டு உளறாதே), அல்லது விக்கிமீடியாவின் அனுமதிக் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பட்டும். அப்படி வந்தாலும் வலைப்பதிவு நடை கலைக்களஞ்சியத்துக்குப் பொருந்தாமல் எப்படியும் திருப்பி எழுத வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு. பாதிப்பேர் புதிதாகவே எழுதத் தொடங்கிவிடுவார்கள், அதுதான் நமக்கும் லாபம். ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்ப்பவர்களிடம் தொகுப்புச் சுருக்கத்தில் மூலக் கட்டுரையின் இணைப்பைத் தரச் சொல். அந்த ஆங்கிலக் கட்டுரையையே சான்றாகக் காட்ட முடியாது என்பதையும்.

படங்கள் பற்றி ஒரே வார்த்தை. வாட்சப்பில் வந்த படத்தை விக்கிமீடியாவின் படக் கிடங்கான பொதுவகத்தில் "சொந்த ஆக்கம்" என்று ஏற்றினால் சந்தேகம் வரும்; அளவு சுருங்கியிருக்கும், கேமரா விவரமும் உதிர்ந்திருக்கும். உண்மையிலேயே அவர் எடுத்ததுதான் என்றால் கேமராவிலிருந்து நேராக ஏற்றச் சொல்.

அடுத்தது "ஏன் நீக்கினீர்கள்?" இதில்தான் நீ கோபப்படுவாய் என்று தெரியும். எழுதியவர் தன்னைப் பற்றியோ தன் முதலாளியைப் பற்றியோ எழுதியிருப்பார், நீ உடனே "விளம்பரம்" என்று முத்திரை குத்துவாய். குத்தாதே. அவருடைய பெருமையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "இவரோடு தொடர்பில்லாத இரண்டு மூன்று நம்பகமான வெளியீடுகள் இவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கின்றனவா? இருந்தால் இணைப்பைத் தாருங்கள்" என்று மட்டும் கேள். பதிலில் பேட்டியும் செய்திக்குறிப்பும் சொந்த இணையதளமும் வரும். அவை ஏன் போதாது என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னால் அவரே புரிந்துகொள்வார். பணம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் என்றால், யாருக்காக எழுதுகிறார், யார் பணம் தருகிறார்கள் என்று வெளிப்படையாக அறிவிக்கவேண்டும். 2014 முதல் பயன்பாட்டு விதிமுறைகளிலேயே இருக்கிறது. இதைக் குற்றப்பத்திரிகைபோல வாசிக்காமல், எந்தப் பக்கத்தில் எப்படி அறிவிப்பது என்று காட்டிக்கொடு. இப்போது சான்றுகளையே செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் எழுதி வாங்கி ஒட்டுகிறவர்களும் வருகிறார்கள். கட்டுரை வழவழவென்று இருந்தால் முதல் மூன்று மேற்கோள்களைத் திறந்து பார். இல்லாத பக்கம், வேறு புத்தகத்துக்குப் போகும் ஐஎஸ்பிஎன் எண் என்று ஏதாவது மாட்டும்.

இனிச் சொல்லப்போவதில் விளையாட்டு இல்லை. சில நாள் ஒரு பள்ளிப் பிள்ளை வந்து தன் முழுப்பெயர், பள்ளி, தொலைபேசி எண் எல்லாம் போட்டுக் கேள்வி கேட்கும். உடனே எண்ணை அழித்துவிடலாம், ஆனால் அழித்தால் போதாது. வரலாற்றில் அது அப்படியே நிற்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். "உங்கள் தொலைபேசி எண்ணை நீக்கியுள்ளேன்" என்று தொகுப்புச் சுருக்கத்தில் எழுதாதே, அது ஊருக்கே வழிகாட்டும். சுருக்கத்தில் சாதாரணமாக எதையாவது எழுதிவிட்டு, ஒரு நிர்வாகிக்குத் தனி மின்னஞ்சலில் அந்தத் தொகுப்பின் இணைப்பை அனுப்பி மறைக்கச் சொல். நிர்வாகிகளுக்கும் தெரியாதபடி முழுவதும் ஒடுக்கவேண்டியது என்றால் எல்லா விக்கிகளுக்கும் பொதுவான மேலாளர்கள் வரை போகலாம், அதற்கான மின்னஞ்சல் பொது ஒருங்கிணைப்புத் தளமான மேல்விக்கியில் இருக்கிறது. எல்லாரும் கூடிப் பேசும் ஆலமரத்தடிப் பக்கத்தில் மட்டும் இதைக் கொண்டுபோய்ப் போடாதே. அந்தப் பிள்ளையின் கேள்விக்கும் மறக்காமல் பதில் சொல். எல்லாரும் எண்ணைத் துரத்திக்கொண்டு போவார்கள், கேள்வி அனாதையாகக் கிடக்கும்.

வார்ப்புருக்களைப் பற்றி எழுதவில்லை என்று குறைசொல்வாய். கட்டுரையின் ஓரத்தில் நிற்கும் தகவற்பெட்டி வார்ப்புருவை ஆங்கிலத்திலிருந்து அப்படியே ஒட்டிவிட்டுச் சிவப்பு எழுத்தில் நிற்பவர்களுக்கு நீயே நேரில் சரிசெய்து கொடுத்துவிடு, விளக்கம் வேண்டாம். அது ஒன்றில்தான் செய்துகொடுப்பது கற்றுக்கொடுப்பதைவிட மேல் என்பது என் கட்சி. நம் விக்கிப் பெரியவர் ஒப்பமாட்டார், அவரிடம் சொல்லாதே.

ஒத்தாசைப் பக்கம் நீண்டு கிடக்கிறது, கைப்பேசியில் திறக்கவே திணறுகிறது. பழைய கேள்விகளைத் தொகுப்பகத்துக்கு மாற்றவேண்டும். பதில் வராத கேள்விகளை மட்டும் மேலேயே விட்டுவிட்டு மிச்சத்தை நீ எடுத்துப் போடுகிறாயா, நான் செய்யவா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். முதலில் அந்த ஆங்கில மணல்தொட்டிக்காரருக்கு ஒரு வரி போடு.

அன்புடன்,
உன் பழைய தொகுத்தல் முரண்பாடு